முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் கரையைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: கிழக்குக் கரையில் இருக்கும் கடற்கரைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. என்ன இருந்தாலும் மேற்குக் கரை போல வருமா? ஜூன் முதல் வாரத்தில் விடுப்பு கிடைத்திருக்கிறது. எட்டு வயதில் ஒரு பையன், ஐந்து வயதில் ஒரு பெண். கடலில் ஆசை தீரக் குளிக்க வேண்டும் என்கிறார்கள். கோவாவில் விடுதிகள் பாதி வாடகைக்குக் கிடைக்கின்றன. கோவா, கேரளத்துக் கோவளம், கோகர்ணா, புரி – இந்த நான்கில் முதலிடம் எதற்கு?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஜூன் மாதத்தில் இரண்டு சிறு பிள்ளைகளோடு கடலில் குளிப்பதற்கு இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட நான் இடம் தர மாட்டேன். முன்பணம் கட்டவில்லை என்றால் தயவுசெய்து கட்டாதீர்கள்.

கோவாவில் வாடகை பாதியாகக் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொட்டு, சில நாட்களில் கோவாவுக்கு ஏறிவிடும். அரபிக்கடல் முழுவதையும் தாண்டி வரும் காற்று நேராக அந்தக் கரையில் வந்து மோதுகிறது. கடற்கரையில் உள்ள கூரைக் கடைகளைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். உயிர்காப்பாளர்கள் செங்கொடி நட்டுவிடுகிறார்கள். செப்டம்பர் வரை நீந்தக் கூடாது என்பதுதான் அங்கே எச்சரிக்கை. அதாவது உங்களுக்கு மலிவாகக் கிடைப்பது அறைதான், கடல் கிடைக்காது. ஜன்னல் வழியாக மழையையும் அலையையும் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றால் தாராளமாகப் போங்கள். அது அருமையான அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதுமா?

கோகர்ணாவும் கோவளமும் இதே கரையில் இருப்பவை, இதே கதைதான். கர்நாடகத்து மால்பேயிலிருந்து செயின்ட் மேரிஸ் தீவுக்குப் போகும் படகுகளையும் மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆலப்புழை பக்கம் மழைக்காலத்தில் சில இடங்களில் கடலுக்கு அடியில் உள்ள சேறு கலங்கி எழுந்து, அலையின் வேகத்தை விழுங்கிவிடும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம் போலக் கிடக்கும். 'சாகர' என்பார்கள். மீனவர்களுக்கு அது பெரிய வரம். எங்கே வரும், எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் உங்கள் பயணத்துக்கு உதவாது.

புரி கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. இருந்தும் வேண்டாம் என்கிறேன். அங்கே அலை எப்போதுமே பலமானது. யாத்திரிகர்களைக் கையைப் பிடித்துக் குளிக்கவைக்க நுலியா என்ற மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதே அதனால்தான். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அங்கே சிறுபிள்ளைகளை இறக்குவது நல்லதல்ல.

இப்போது உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். மேற்குக் கரை உயர்ந்தது, கிழக்குக் கரை மட்டம் என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பயணப் பட்டியல் போடுகிறவர்களும் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். நம் பகுதியில் கரைகளை அப்படி நிரந்தரமாகத் தரம் பிரிக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு பருவக்காற்று. ஒன்று மேற்கை மூடும்போது கிழக்கு திறக்கும். மற்றொன்று கிழக்கை மூடும்போது மேற்கு திறக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை கோவாவும் வர்க்கலாவும் எவ்வளவு அழகோ, அந்த அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். அப்போது யாராவது மாமல்லபுரத்துக்குக் குளிக்கப் போகலாமா என்று கேட்டால், இதே கண்டிப்போடு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது இலங்கை. ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தென்மேற்குக் கரை களைகட்டுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் முரட்டுத்தனம் காட்டும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலை நிலாவெளியும் மட்டக்களப்பு பக்கத்துப் பாசிக்குடாவும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். குறுக்கே சில மணி நேரப் பயணம்தான், ஆனால் பருவம் தலைகீழ். மலேசியாவிலும் அப்படித்தான். கிழக்கே ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் தொடங்கினால் பெரும்பாலான விடுதிகள் சில மாதங்களுக்குக் கதவைச் சாத்திவிடுகின்றன. அப்போது ஆட்கள் மேற்கே லங்காவிக்குப் போகிறார்கள்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். தனுஷ்கோடிச் சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. நடுவில் மெலிந்த மணல் திட்டு. தென்பக்கத்தை ஆண் கடல் என்றும் வடபக்கத்தைப் பெண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஜூனில் தென்பக்கம் அலை எழும்பி அடிக்கும்போது, வடபக்கம் சிற்றலையோடு அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் இது மாறிவிடும்; அமைதியாக இருந்த பக்கம் சீறும். ஒரே இடத்தில் நின்று, தலையைத் திருப்பினால் இரண்டு கடல். அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் தண்ணீரில் இறங்காதீர்கள்; அங்கே நீரோட்டம் சுழித்து இழுக்கும்.

காற்றும் மழையும் இல்லாவிட்டால் கடல் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் 'கள்ளக்கடல்' என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். வானம் நிர்மலமாக இருக்கும், காற்றும் இருக்காது. கோடை மாதங்களில்தான் இது அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படி ஒரு நாளில்தான் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை முன்னமே வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன்னும், அங்கே போன பிறகு தினமும் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விடுதிக்காரர் சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொன்று, எந்தக் கரைக்குப் போனாலும் பொருந்துவது. தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் கரையில் நின்று அலையைப் பாருங்கள். வரிசையாக வெண்நுரையோடு அலைகள் உடைந்துகொண்டிருக்கும்; நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாது. அங்கே நீர் சற்றுக் கருத்து, சலனமில்லாமல் தெரியும். பிள்ளையோடு வரும் பெற்றோர் பலர் 'இங்கே அலை இல்லை' என்று அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவரையே இழுத்துச் சென்றுவிடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பிலிருந்து வெளியேற வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தால் அவற்றின் நடுவே மட்டும் குளியுங்கள்.

கிழக்குக் கரை அலுத்துவிட்டது என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. குளிக்கத் தடை உள்ள மெரினாவையும் கூட்டம் நெரியும் மாமல்லபுரத்தையும் வைத்து ஆயிரம் கிலோமீட்டர் கரைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. மெரினாவின் அகலமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகம் மணலைத் தடுத்ததால் வந்தது. அதே மணல் கிடைக்காமல் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. அழுக்கும் நெரிசலும் பெரிய ஊர் பக்கத்தில் இருப்பதால் வருபவை. மும்பை ஜுஹுவும் மேற்குக் கரைதானே.

சரி, உங்கள் ஜூன் மாதத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட் இருந்தால், யோசிக்காமல் பாசிக்குடா. வளைந்த குடா, பவளப்பாறை அலையைத் தடுக்கிறது, வெகுதூரம் நடந்தாலும் ஆழம் மெதுவாகத்தான் கூடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான கடலை நம் பக்கத்தில் நான் சொல்ல முடியாது. மொழிப் பிரச்சினையும் இல்லை.

பாஸ்போர்ட் இல்லையென்றால் ராமநாதபுரம் போங்கள். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை பாக் நீரிணைப் பக்கம் இருக்கிறது. ஜூனில் அமைதியாக இருக்கும் பக்கம் அதுதான். வெயில் கடுமை, அதை மறைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குள் ஒரு குளியல், நாலரைக்கு மேல் ஒரு குளியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது.

இரண்டு இடத்துக்கும் ஒரே எச்சரிக்கைதான். ஜூனில் அங்கே கடல் அமைதியாக இருப்பதற்குக் காரணமே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. காற்றடைத்த வளையம், மிதவைப் படுக்கை எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். அலை இல்லையே என்று நீங்கள் கரையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதே காற்று அதைப் பிள்ளையோடு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். இடுப்பளவு நீரில் நீங்களோ உங்கள் மனைவியோ ஒருவர் நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாமல்.