ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) உள்ள என் அம்மாவோடு போனதற்குத் தனியார் கார் பார்க் நிறுவனம் 100 பவுண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், கடிதத்தைக் கிழித்தும் போடாதீர்கள். 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டு போதும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். "போய்த் தொலையட்டும்" என்று கட்டிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது, பிறகு முறையிட வழியில்லை.

நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: இங்கிலாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட், 2 மணி நேரம் இலவசம், கேமரா கணக்கில் 2 மணி 27 நிமிடம். அம்மா சக்கர நாற்காலியில் போகிறவர், கார் உங்கள் பெயரில் பதிவானது. டிக்கெட் தபாலில் வந்தது. இந்த விவரங்களோடு தாராளமாகப் போராடலாம்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். "தனியார் டிக்கெட் செல்லாது, தூக்கிப் போடு" என்று வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றுகிறது. கவுன்சிலோ போலீஸோ போடும் அபராதம் போன்றதல்ல இது என்பது உண்மைதான். பலகையில் எழுதியிருக்கும் நிபந்தனையை மீறினீர்கள் என்று சொல்லி, ஒப்பந்தத்தின் பேரில் பணம் கேட்கிறார்கள். ஆனால் செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதி கார் பார்க்கில் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றதற்குப் போட்ட 85 பவுண்டு செல்லும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே 2015இல் தீர்ப்பளித்துவிட்டது. எனவே பேசாமல் இருந்தால் வழக்கு வரலாம், வந்தால் தோற்கவும் கூடும்.

அடுத்தது, நிறையப் பேர் சறுக்கும் இடம். "எங்களிடம் ப்ளூ பேட்ஜ் இருக்கிறது, ரத்து செய்யுங்கள்" என்று மட்டும் எழுதுவார்கள். ப்ளூ பேட்ஜ் சலுகைகள் பொதுச் சாலைக்கானவை, தனியார் நிலத்தை அவை கட்டுப்படுத்தாது. அதனால் நிறுவனம் இரண்டு வரியில் மறுத்துவிடும். உங்கள் பிடி சமத்துவச் சட்டம் 2010. அதன் 20, 29ஆம் பிரிவுகளின்படி, பொதுமக்களுக்குச் சேவை தருகிற எவரும் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். யாராவது வந்து கேட்ட பிறகு செய்தால் போதும் என்றில்லை, முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய கடமை இது. பேட்ஜ் இல்லாதவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கிற, 12 மாதமாவது நீடிக்கிற உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் போதும். பேட்ஜ் ஒரு நல்ல சான்று, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் அநியாயம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். வாசலில் இருக்கும் கேமரா, கார் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் மட்டும் பதிவு செய்கிறது. காலி பே (ஒரு கார் நிறுத்தும் கட்டம்) தேடிச் சுற்றியது, மாற்றுத்திறனாளி பேயில் வேறொருவர் நிறுத்தியிருந்ததால் காத்திருந்தது, சாய்தளத்தை இறக்கி நாற்காலியை எடுத்தது, திரும்பி வந்து அதையெல்லாம் மறுபடி செய்தது எல்லாமே நிறுத்திய நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. நல்ல உடம்புக்காரருக்கு ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம் இவர்களுக்குக் கால் மணி எடுக்கும். அவருக்கும் 2 மணி, உங்கள் அம்மாவுக்கும் அதே 2 மணி என்பது அம்மாவை நேராகத் தண்டிப்பதுதான். பார்க்கிங் நிறுவனங்களின் இரண்டு சங்கங்களும் (பிபிஏ, ஐபிசி) சேர்ந்து 2024இல் கொண்டுவந்த பொது நடைமுறை விதியில் முடிவில் குறைந்தது 10 நிமிடச் சலுகை உண்டு. அது எல்லோருக்குமான சலுகை. அதைத் தந்துவிட்டோம் என்று சொல்லி நிறுவனம் இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது.

கடிதத்தில் இதை நிமிடக் கணக்காகவே எழுதுங்கள். இறங்க எவ்வளவு, ஏற எவ்வளவு, கடைக்குள் கழிப்பறைக்குப் போய்வர எவ்வளவு, வலியால் எங்கே உட்கார வேண்டியிருந்தது என்று. அதன் பிறகு, "இந்தக் கூடுதல் நேரம் அவருடைய உடல்நிலையின் நேரடி விளைவு. கூடுதல் நேரம் தருவது நியாயமான மாற்றம், நீங்கள் அதைத் தரவில்லை. இப்போது உங்களுக்குத் தெரிவித்துவிட்டோம், இதற்கு மேலும் பணம் கேட்டால் சமத்துவச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழும் பாகுபாடு" என்று சேருங்கள். இந்தக் கடைசி வரி அலங்காரத்துக்கு இல்லை. 15ஆம் பிரிவில் "எங்களுக்குத் தெரியாது" என்பது அவர்களுக்கு ஒரு தற்காப்பு, எழுத்தில் சொல்லிவிட்டால் அது போய்விடுகிறது. பேட்ஜின் முன்பக்கப் பிரதி ஒன்றும், மருத்துவரின் சிறு கடிதமோ உதவித்தொகை உத்தரவோ ஒன்றும் போதும். முழு மருத்துவ வரலாற்றையும் அவர்களிடம் கொட்ட வேண்டாம். புகைப்படம் உள்ள பின்பக்கமும் தேவையில்லை.

யார் ஓட்டியது என்று எங்கேயும் சொல்லாதீர்கள். "நான் நிறுத்தினேன்" என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம். "ஓட்டியவர்", "காரில் இருந்தவர்" என்றே எழுதுங்கள். அம்மா காரில் இருந்தார் என்றால் போதும், ஓட்டியிருக்க வேண்டியதில்லை. இணையப் படிவத்தில் "நான்தான் ஓட்டுநர்" என்ற தேர்வு வந்தால் "பதிவில் உள்ள கீப்பர்" (கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால், ஓட்டியவர் தெரியாதபோது கீப்பரிடம் பணம் கேட்க 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் அட்டவணை கறாரான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் கீப்பர் கைக்கு வந்திருக்க வேண்டும். தபாலில் போட்டதிலிருந்து இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகக் கணக்கு. 3ஆம் தேதி நிறுத்தியிருந்தால் 17தான் கடைசி. பிந்தியிருந்தால் கீப்பருக்குப் பொறுப்பில்லை. விமான நிலையம், ரயில் நிலையம் போலத் தனித் துணைவிதிகள் உள்ள நிலத்திலும் இந்தக் கீப்பர் பொறுப்பு வராது. இந்த அட்டவணை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே உரியது.

நிறுவனத்துக்கு எழுதும் அதே நாளில் கடை மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் எழுதுங்கள். என் கணிப்பில் பலன் சீக்கிரம் வருவது இங்கேதான். பார்க்கிங் நிறுவனம் கடையின் சார்பாகச் செயல்படுகிறது. முகவர் செய்யும் பாகுபாட்டுக்கு முதலாளியும் பொறுப்பு என்று சமத்துவச் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்ய கடைக்காரர்களால் முடியும், வாடிக்கையாளரை இழக்கவும் விரும்ப மாட்டார்கள். அன்றைய பில்லை இணையுங்கள். மேலாளர் வாயால் "ரத்து செய்துவிட்டோம்" என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறையீட்டுக்கு 28 நாள். மறுத்தால், நிறுவனம் பிபிஏ உறுப்பினராக இருந்தால் பாப்லா (பிபிஏ டிக்கெட்டுகளுக்கான தனி முறையீட்டு அமைப்பு) எண் ஒன்று தருவார்கள், அங்கே போக இன்னொரு 28 நாள். ஐபிசி உறுப்பினரானால் ஐஏஎஸ் என்ற அவர்களுடைய முறையீட்டு அமைப்பு, கெடு தேதி மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும். பாப்லா இலவசம், அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பலகை, நேரம், நோட்டீஸ் தேதி போன்றவற்றில்தான் அவர்கள் கவனம் இருக்கும். பாகுபாடு நடந்ததா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கவுண்டி நீதிமன்றத்துக்கு. அதனால் பாப்லாவில் தோற்றதும் மனம் உடைந்து கட்டிவிட வேண்டாம். பலகைகள், மாற்றுத்திறனாளி நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் உள்ள தூரம், பார்க்கிங் இயந்திரம் இருந்தால் அதன் உயரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் படங்களையும் பதிவுகளையும் தரச் சொல்லித் தரவுக் கோரிக்கை போட்டால் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

பிறகு வசூல் நிறுவனங்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள் 70 பவுண்டைச் சேர்த்துக்கொண்டு வரும். அவர்களால் வீட்டுக்கு வந்து எதையும் எடுத்துப்போக முடியாது, அம்மாவிடம் அதைச் சொல்லி வையுங்கள். பதில் சொல்லியே தீர வேண்டியவை இரண்டு. வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில். நீதிமன்றப் படிவம் வந்தால், அது சேர்ந்ததாகக் கருதும் நாளிலிருந்து (வெளியிட்ட தேதியோடு 5 நாள் கூட்டுங்கள்) 14 நாளுக்குள் பெற்றதை ஒப்புக்கொள்ளுங்கள், 28 நாளுக்குள் எதிர்வாதம் போடுங்கள். அதை விட்டால் தானாகத் தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் கடன் பதிவில் 6 ஆண்டு நிற்கும். வீடு மாறியவர்கள் பழைய முகவரிக்குப் போன படிவத்தால் இப்படித்தான் மாட்டுகிறார்கள். டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) பதிவில் முகவரி சரியா என்று இன்றே பாருங்கள், நிறுவனத்துக்கும் புது முகவரியை எழுதிவிடுங்கள்.

அம்மா தன் பெயரில் பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்க விரும்பினால் காலக்கெடு சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் அந்தக் கெடு தானாக நிற்காது. சமத்துவ ஆலோசனை உதவிச் சேவையிடமும் சிட்டிசன்ஸ் அட்வைஸிடமும் அதற்கு முன்பே பேசிவிடுங்கள், இரண்டும் இலவசம்.