வாசகர் கேள்வி: ஆண்கள் கோட்டுக்குள் ஒரு மகள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில் வசிக்கிறாள். பக்கத்து வீட்டு மூதாட்டி, தம் தாயார் இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ராணுவப் பயிற்சியில் இருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் காட்டினாராம். முழுக்கக் குளிர், சாப்பாடு, பெரிய கோட்டு என்றே இருக்கிறதாம். போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தணிக்கைக்குப் பயந்தா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தணிக்கை காரணமாக இருக்காது, அம்மா. மேலதிகாரி பிரித்துப் படித்து வரிகளை வெட்டியது கடல் கடந்து போனவர்களின் கடிதங்களைத்தான். உள்நாட்டு முகாமிலிருந்து வீட்டுக்குப் போனவற்றுக்குப் பொதுவாக அந்தக் கெடுபிடி இல்லை.

அந்தப் பெண் போரைத்தான் எழுதியிருக்கிறார் என்பேன். அந்தப் பெரிய கோட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் ராணுவத் துணைப்படைக்கான சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1942 மே 15 அன்று. இரண்டே மாதத்தில், ஜூலை 20 அன்று, முதல் அணியாக, அதிகாரிப் பயிற்சிக்கு, 440 பெண்கள் டெமாய்ன் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அது பழைய குதிரைப்படை முகாம். லாயங்களைக் கழுவித் துடைத்துப் பெண்கள் தங்கும் கூடங்களாக்கினார்கள். ஆள் சேர்ந்த வேகத்துக்குச் சீருடை தைத்து வரவில்லை. அயோவாவின் பனியில் ஆண் சிப்பாய்களின் மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். தோள் தொங்க, கை விரல் மறைய, அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். ஒரு நாடு ஆயத்தமில்லாமல் பெண்களை அழைத்துக்கொண்டது என்பதற்கு அந்தக் கோட்டு ஒன்றைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1943-இல் இந்தப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி நாடெங்கும் அவதூறு பரவியது. எதிரி நாட்டு ஒற்றர்களின் வேலையோ என்று ராணுவ உளவுத்துறை விசாரித்தது. பெரும்பாலும் சொந்த நாட்டுச் சிப்பாய்களின் வாயிலிருந்தே அது கிளம்பியது என்று தெரியவந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. கடிதங்களில் அந்த ஆண்டைச் சேர்ந்தவையும் இருந்தால், உங்கள் மகளை மறுபடி படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்துக்குப் போனோம், தரையை எப்படித் தேய்த்துக் கழுவினோம் என்று எழுதியிருந்தால், அந்த வரிகள் ஊர்வாய்க்குப் பதிலாகவும் இருக்கலாம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் அஞ்சல் சேவையில், ஓடும் ரயிலில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். 1971 போரில் எல்லையில் இருந்த என் அண்ணனும் வீட்டுக்கு எழுதினார்: சப்பாத்தி பழகிவிட்டது, கம்பளிச் சட்டை கொடுத்துவிட்டார்கள், இருமல் இல்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். "இருமல் இல்லை" என்ற இடத்தை மட்டும் என்னை நான்கு முறை படிக்கச் சொன்னார். அவர் கேட்க நினைத்தது அதைத்தான்.

கேள்வி: சில கடிதங்களில் தேதி கிழிந்துபோயிருக்கிறது. ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?
– அதே வாசகி

பதில்: அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். படையின் பெயர்ச் சுருக்கத்தில் இரண்டு 'ஏ' இருந்து (WAAC), எழுதியவர் பெயருக்கு முன்னால் 'ஆக்ஸிலியரி' (துணைப்படையாள்) என்று இருந்தால் அது துணைப்படைக் காலம். அப்போது அவர்கள் ராணுவத்தோடு வேலை செய்தார்களே தவிர ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அரசின் ஆயுள் காப்பீடுகூடக் கிடையாது. ஒரே 'ஏ' இருந்து (WAC), பெயருக்கு முன்னால் 'பிரைவேட்' (சிப்பாய்) என்று இருந்தால், அவர்களை ராணுவத்திலேயே சேர்த்துக்கொள்ள 1943 ஜூலையில் வந்த புதுச் சட்டத்துக்குப் பிற்பட்டது. அந்த மாற்றத்தின்போது வீட்டுக்குப் போக விரும்பியவர்கள் போகலாம் என்றார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் போய்விட்டார். இரண்டு 'ஏ' போட்ட உறைகளோடு ஒரே 'ஏ' போட்ட உறை ஒன்றும் கிடைத்தால், உங்கள் மூதாட்டியின் தாயார் இருந்துவிடத் தீர்மானித்தவர் என்று பொருள்.

கேள்வி: கறுப்பினப் பெண்களும் அந்தப் பயிற்சியில் இருந்தார்களா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இருந்தார்கள். முதல் அணியின் 440 பேரில் 40 பேர். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து உட்காரலாம், உறங்குவதும் உண்பதும் தனி. அந்த நாற்பதில் ஒருவர் சாரிட்டி ஆடம்ஸ். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அவர் தலைமையில் ஒரு படைப்பிரிவு போனது. 6888-ஆம் மத்திய அஞ்சல் படைப்பிரிவு. மொத்தம் 855 பெண்கள். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்கு வந்த கடிதங்களும் பொட்டலங்களும் அங்கே மலையாகத் தேங்கிக் கிடந்தன. சூடேற்றாத கிடங்கு, வெளிச்சம் வெளியே தெரியாதபடி மறைத்த ஜன்னல்கள், கெட்டுப்போன கேக் பொட்டலங்களைக் கடித்துத் திரியும் எலிகள். எட்டு மணி நேரம் வீதம் மூன்று முறை மாற்றி, இரவும் பகலும் பிரித்தார்கள். ஆறு மாதம் கொடுத்த வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேருக்கு மேல் இருந்தார்களாம். எங்கள் வண்டியில் 'முருகன், சிவகாசி' என்று மட்டும் எழுதி வரும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்ததுண்டு. அவர்கள் படை எண்ணை வைத்து அட்டை அட்டையாகத் தேடி, எந்த ஸ்மித் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். தேடிய ஆள் போரில் இறந்திருந்தால், கடிதத்தை அதை எழுதியவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பும் வேலையும் அவர்களுடையதுதான்.