நீரூற்றைப் பாருங்கள், வெள்ளி வளையலை மறந்துவிடுங்கள்

கேள்வி: சான் டியேகோவில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மெக்சிகோவில் என்செனாடா அருகே லா புஃபதோரா என்ற இடத்தில் கடல் நீர் வானத்துக்குப் பீய்ச்சியடிக்கும் என்று மகன் ஆசை காட்டுகிறான். மருமகளோ, "போகும் வழியெல்லாம் கடை, எல்லாம் ஏமாற்று, வேண்டாம் அத்தை" என்கிறாள். கணவருக்கு முழங்கால் வலி. நாங்கள் சுத்த சைவம். விசா தொந்தரவு வருமா? கடைத்தெருவில் நுழையாமல் நீரூற்றை மட்டும் பார்க்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, விசாவில் சிக்கல் வந்தால் அது உங்கள் மகனுக்குத்தான் வரும். காலாவதியாகாத, பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. உங்கள் சுற்றுலா விசா அந்த வகை என்றால் போதும். மகன் வேலை விசாவில் இருந்தால், பாஸ்போர்ட்டில் ஒட்டியுள்ள விசாவின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அதைப் புதுப்பிக்காமல் நீட்டிப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். அந்தக் கடிதத்தை மெக்சிகோ ஏற்காது. காரின் அமெரிக்கக் காப்பீடும் எல்லைக்கு அப்பால் செல்லாது. ஒருநாள் மெக்சிகோ காப்பீடு வாங்கிக்கொள்ளட்டும்.

எல்லை தாண்டியதும் வரும் மெக்சிகோ நகரமான டிஹுவானாவிலிருந்து கடலோரச் சுங்கச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் வந்தால் என்செனாடா. அங்கிருந்து தெற்கே போய், மனெயதேரோவில் கடல் பக்கம் திரும்பி, புன்தா பாந்தா தீபகற்பத்தின் முனை வரை போக வேண்டும்.

காளை மூக்கால் சீறுவதைச் சொல்லும் ஸ்பானிய வினையிலிருந்து வந்தது புஃபதோரா என்ற பெயர். வெந்நீர் ஊற்று என்று நினைத்துவிடாதீர்கள். பாறைக்கடியில் ஒரு குகை இருக்கிறது. அலை உள்ளே பாயும்போது காற்று மாட்டிக்கொள்கிறது. அலை பின்வாங்கியதும் அடைபட்ட காற்று தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வெடிக்கிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமுன் காற்று புஸ்ஸென்று சீறித் துப்புமே, அதே சங்கதிதான். ஆனால் இது நல்ல அலை நாளில் 30 மீட்டர் எழும். குகைக்குள் புகுந்த திமிங்கலக் குட்டி ஒன்று வளர்ந்து, வெளியேற முடியாமல் மூச்சுவிடுகிறது என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள்.

எல்லா அலைக்கும் அது எழாது. நான் நின்ற அன்று ஐந்தாறு முறை வெறும் முனகல்தான் கேட்டது. சலித்துப்போய் கேமராவை உறையில் போட்டேன். அடுத்த நொடி இடிபோல் ஒரு சத்தம், தலையோடு நனைந்துவிட்டேன். பசிபிக் கடல் நீர் குளிரும். கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். தரை ஈரமாக இருக்கும். உங்கள் கணவர் கீழ்ப்படிகளில் இறங்காமல் மேலேயே கைப்பிடி அருகில் நின்று பார்க்கலாம்.

கடைத்தெருவைத் தவிர்க்க முடியாது. காரை நிறுத்திவிட்டு அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். தவிர்க்கவும் வேண்டாம் என்பேன். மருமகள் சொல்வதில் பாதி உண்மை: "கிட்டத்தட்ட இலவசம்!" என்று ஆங்கிலத்தில் கூவிக் கூப்பிடுவார்கள். "நோ, கிராசியாஸ்" என்று சிரித்துக்கொண்டே நடந்தால் விட்டுவிடுவார்கள். போகும்போது எதையும் வாங்காதீர்கள். திரும்பும்போது அதே போர்வையின் விலை தானாக இறங்கியிருக்கும். தி.நகரில் பேரம் பேசிய கைக்கு இது பெரிய வேலையில்லை.

வெள்ளியில்தான் நான் ஏமாந்தேன். பளபளவென்ற வளையலின் உட்புறம் "அல்பாகா" என்று பொறித்திருந்தது. ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்தேன். அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், பொட்டு வெள்ளிகூடக் கிடையாது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதைக் காட்டும் 925 முத்திரை இல்லாததை வெள்ளி விலைக்கு வாங்காதீர்கள். அந்த முத்திரையையும் போலியாகக் குத்துவதுண்டு. பெரிய பாட்டிலில் மலிவாக விற்கும் வனிலா எசென்ஸும் வேண்டாம். சிலவற்றில் கூமரின் என்ற வாசனைப் பொருள் இருக்கும். அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்க 1954 முதல் தடை. மாத்திரை விற்கும் கடைகள் பக்கமே திரும்பாதீர்கள்.

சாப்பாட்டில் மீன் டாக்கோவும் சிப்பியும்தான் அந்த ஊர்ப் பெருமை, உங்களுக்கு ஆகாது. பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ஆகவே அவற்றை நம்ப வேண்டாம். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்ட மாம்பழத் துண்டு, புளி மிட்டாய், சோளக்கதிர் கிடைக்கும். கதிரில் மயோனைஸ் தடவ வருவார்கள், முன்பே தடுத்துவிடுங்கள். எண்ணெயில் பொரித்து லவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டிய சுர்ரோவைத் துண்டு துண்டாகச் சும்மாவே நீட்டுவார்கள். மாவில் முட்டை உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டைக்கு அங்கே "வேவோ".

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மாலை சான் இசித்ரோ எல்லையில் கார்கள் மணிக்கணக்கில் நிற்கும். வார நாளில் விடியற்காலையே கிளம்பினால், என்செனாடாவில் இறங்கும் கப்பல் பயணிகளின் பஸ்கள் வருமுன் கைப்பிடி ஓரத்தில் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும்.