மின்கம்பிப் பக்கம் சாய்ந்த தென்னையை வெட்டலாமா?

கேள்வி: உச்சிப்புளி அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் நாற்பதடித் தென்னை ஒன்று தெருக் கம்பியை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் மட்டை கம்பியில் உரசிப் பொறி பறக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மரமேறியை வைத்து வெட்டிவிடலாமா?

பதில்: அவ்வாறு செய்ய வேண்டாம். மெயின் சுவிட்ச் உங்கள் வீட்டு வயரிங்கை மட்டுமே துண்டிக்கும். தெருக் கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கும். கம்பத்தில் நான்கைந்து கம்பிகள் இருந்தால் அது பெரும்பாலும் 230 அல்லது 400 வோல்ட் தாழ்வழுத்தப் பாதை. பெரிய பீங்கான்களின் மேல் மூன்று கம்பிகள் மட்டும் சென்றால் 11,000 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கக்கூடும். அதைத் தொட வேண்டியதே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்.

மரத்தில் மின்சாரம் பாயாது என்ற நம்பிக்கை நம் கடற்கரையில் மிகவும் ஆபத்தானது. பச்சை மட்டை முழுக்க நீர்ச்சத்து. அதன்மேல் கடற்காற்று கொண்டுவந்து பூசிய உப்பு விடியற்காலைப் பனியில் நனைந்துவிட்டால் ஓலை நுனி முதல் மரமேறியின் கை வரை மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. அதே உப்பு கம்பியையும் அரித்திருக்கும் என்பதால், விழும் ஒரு மட்டையின் கனத்திலேயே அது அறுந்துவிடலாம். ஆட்டுக்குக் குழை பறிக்க இரும்புக் குழாயில் தொரட்டி கட்டுபவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். குறித்த நாளில் லைன்மேன் லைன் கிளியர் (பாதையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) பெற்று, மின்சாரத்தை நிறுத்தி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு, எல்லாக் கம்பிகளையும் எர்த் ராடு கொண்டு தரையோடு இணைக்க வேண்டும். மின்சாரம்தான் நின்றுவிட்டதே, இது எதற்கு என்று சிலர் அவசரப்படுவார்கள். அருகிலுள்ள ஐஸ் கம்பெனியிலோ இறால் பண்ணையிலோ ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், நின்ற கம்பியில் பின்பக்கமாக மின்சாரம் ஏறும். அப்போது மேலே இருப்பவரைக் காப்பது அந்த எர்த் ராடு ஒன்றுதான். அது மாட்டப்பட்டதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை யாரையும் மரத்தில் ஏறவிடாதீர்கள்.

தென்னையை அடியில் வெட்டிச் சாய்க்கவும் கூடாது. அதன் நார்த்தண்டு வேம்பையோ புளியையோ போல வெட்டுவாயில் பிடித்து நின்று நாம் நினைத்த பக்கம் விழாது. முதலில் மட்டைகளையும் குலைகளையும், பிறகு தண்டை மேலிருந்து துண்டு துண்டாகவும் கயிறு கட்டி, கம்பிக்கு எதிர்ப்பக்கமாக இறக்க வேண்டும். காய்ந்த கயிறாக இருக்கட்டும். அலுமினிய ஏணி வேண்டாம். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

அதற்குள் கம்பி அறுந்து விழுந்தால், பொறி பறக்காவிட்டாலும் பத்து மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது; ஈர மணலிலும் மின்சாரம் பரவும். ஏற்கெனவே அருகில் நிற்பவர் ஓடாமல், இரு பாதங்களையும் சேர்த்து வைத்துத் தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலக வேண்டும்.