19ஆம் நூற்றாண்டுத் தென்னமெரிக்காவில் அதிகம் பேசப்படாத மாகாணத் தாராளவாதி யார்?

நான் பிரேசிலின் தெயோஃபிலோ ஒட்டோனியைச் சொல்வேன். பொலிவார், சான் மார்ட்டின் என்று போர்க்களத் தலைவர்களையே படித்தவர்களுக்கு இவர் பெயர் புதிதாக இருக்கும். 1807-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தின் செர்ரோ பகுதியில் பிறந்தவர். அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனிரோவில் கடற்படைக் கல்வி. அப்புறம் ஊர் திரும்பி ஒரு செய்தித்தாள், மாகாணச் சட்டமன்றம், 1838-இல் தேசிய நாடாளுமன்றம்.

எனக்கு இவரைப் பிடித்ததற்குக் காரணம், பேரரசர் இரண்டாம் பெட்ரோவுக்கும் இவருக்கும் இருந்த கணக்கு. 1840-இல் 14 வயதுச் சிறுவனான பெட்ரோவை வயது வந்தவராக அறிவிக்கச் சொல்லி முன்னின்றவர்கள் தாராளவாதிகள்தான். இரண்டே ஆண்டில் அந்தப் பேரரசர், பழமைவாத அமைச்சரவை சொன்னபடி, தாராளவாதிகள் வென்றிருந்த அவையைக் கூடும் முன்பே கலைத்துவிட்டார். அதற்கு முன்பே, 1841 சட்டத் திருத்தம் உள்ளூர் நீதிபதிகளின் அதிகாரத்தைப் பிடுங்கி, ரியோவிலிருந்த மத்திய அரசு நியமிக்கும் காவல் அதிகாரிகளிடம் கொடுத்திருந்தது. மாகாணக்காரர்களுக்கு இதுதான் உண்மையான வலி. சாவோ பாவுலோவிலும் மினாஸிலும் கிளர்ச்சி வெடித்தது. 1842 ஆகஸ்டில் மினாஸின் சாந்தா லூசியாவில் அரசுத் தளபதி கஷியாஸின் படை அதை நசுக்கியது. ஒட்டோனி சிறைக்குப் போனார். 1844-இல் பொது மன்னிப்பு வந்தது. தோற்ற இடத்தின் பெயரையே வைத்து எதிரிகள் தாராளவாதிகளை ‘லூசியாக்கள்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அடுத்து அவர் போனது காட்டுக்கு. 1847-இல் முக்குரி ஆற்றுப் பகுதியில் போக்குவரத்துக்கும் குடியேற்றத்துக்குமாக முக்குரி நிறுவனத்தைத் தொடங்கி, மினாஸின் வடகிழக்கைக் கடலோடு இணைக்கப் பார்த்தார். 1853-இல் நிறுவிய ஊருக்கு அமெரிக்கக் குடியரசை மனதில் வைத்து ஃபிலடெல்ஃபியா என்று பெயரிட்டார். முடியாட்சி நாட்டில் இது துணிச்சலான குறும்புதான்! போட்டோகுடோ பழங்குடிகளிடம் படையை ஏவாமல் சமாதானமாக நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் குடியேற்றம் என்றாலே அவர்கள் நிலம் போவதுதானே, அதை அவரும் மாற்றவில்லை. அங்கே குடியேற அழைத்து வரப்பட்ட ஜெர்மானியர்கள் பட்ட பாட்டை ஆவே-லாலெமாங் என்ற மருத்துவர் காட்டமாக எழுதினார். 1861-இல் நிறுவனம் அரசின் கைக்குப் போனது. அந்த ஊர் இன்று தெயோஃபிலோ ஒட்டோனி நகரம். வண்ணக் கற்களுக்குப் பேர்போனது.

1860 தேர்தலில் ரியோ தெருக்களில் வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி கூட்டத்தைத் திரட்டினார், வென்றார். ஆனால் செனட் விஷயம் வேறு. அது ஆயுட்காலப் பதவி. வாக்காளர்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள், பேரரசர் ஒருவரை எடுப்பார். ஒட்டோனியின் பெயர் பலமுறை பட்டியலில் போனது, ஒவ்வொரு முறையும் பெட்ரோ வேறொருவரை எடுத்தார். 1864-இல்தான் இடம் கிடைத்தது. 1869-இல் இறந்தார்.

போர்த்துகீசியம் தெரிந்தால், மினாஸின் செனட் வாக்காளர்களுக்கு 1860-இல் அவர் எழுதிய சுற்றறிக்கையைத் தேடிப் படியுங்கள். பெயர்தான் சுற்றறிக்கை, பாதிக்கு மேல் சுயசரிதை. தன் கட்சியை நியாயப்படுத்தவே எழுதியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.