திருவொற்றியூரும் நுங்கம்பாக்கமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருவொற்றியூரிலுள்ள காலடிப்பேட்டைக்காரன். கிண்டியில் வேலை. ஊர்ப் பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் "அது சென்னைக்கு வெளியே அல்லவா?" என்கிறார்கள். நுங்கம்பாக்கமும் ஒரு காலத்தில் கிராமமாக இருந்ததுதான் என்று நீங்கள் ஓர் உரையில் சொன்னீர்கள். அங்கிருப்பவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. திருவொற்றியூர் 2011இல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது என்பதால் நாங்கள் புதிதாக வந்தவர்களா? எங்கள் ஊரில் பழைய ஊர் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஒரு வாசகர், காலடிப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நுங்கம்பாக்கத்தை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. 1708இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களை விட்டுக்கொடுத்தார். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். ஐந்தும் ஒரே ஆண்டில், ஒரே கையிலிருந்து வந்தவை. சில ஆண்டுகளில் அவற்றைத் திருப்பிக் கேட்டுத் தகராறு வந்தது. 1717இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் ஃபர்மானைக் காட்டிக் கம்பெனி மறுபடியும் எடுத்துக்கொண்டது. ஆகவே சென்னையோடு சேர்ந்த வயதில் நுங்கம்பாக்கம் உங்களுக்கு மூத்தது அல்ல.

வித்தியாசம் சேர்ந்த பிறகு வந்தது. நுங்கம்பாக்கத்தில் தோட்ட வீடுகள் எழும்பின. 1792இல் வானாய்வுக்கூடம் கட்டினார்கள். இன்றும் சென்னையில் எத்தனை டிகிரி வெயில் என்று கேட்டால் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்ததைத்தான் செய்தியில் சொல்கிறார்கள். அந்த ஊரின் ஏரி காணாமல் போயிற்று; வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரிப் பகுதியில்தான். யாரும் அதை கிராமம் அழிந்த கதையாகச் சொல்வதில்லை, 'வளர்ச்சி' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வடக்கே வேறு கணக்கு. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு துறைமுகம். அப்புறம் ஆலைகள் வரிசையாக வந்தன: விம்கோ தீப்பெட்டி ஆலை, 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னால் டயருக்குப் போன எம்.ஆர்.எஃப்.; 1955இல் என்ஃபீல்டு. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நகரத்துக்கு வேண்டிய வேலையும் அதன் புகையும் இங்கே வந்துவிட்டன, மாநகராட்சி மட்டும் வரவில்லை. 2011இல் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் திருவொற்றியூர் நகராட்சி உள்ளே வந்தது. அப்போதும் மாவட்டம் திருவள்ளூராகவே இருந்தது. சென்னை மாவட்டத்துக்குள் வர 2018 ஆயிற்று. உங்கள் சகாக்களின் குழப்பத்தில் அரசாங்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

எனக்கு உண்மையில் கோபம் வரும் விஷயம் மணல். நம் கரையோரம் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. மணல் தெற்கே தங்கியது, மெரினா அகலமாயிற்று. வடக்கே அலை கரையைத் தின்றது, ஆனால் ஈடுகட்ட மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி எர்ணாவூர் வரை குப்பங்கள் கடலிடம் நிலத்தை இழந்தது இப்படித்தான். இன்று உங்கள் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அது சாலையைக் காப்பாற்றலாம். படகை எங்கே இழுத்து வைப்பது? மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்கள் அது திருவொற்றியூர்க் குப்பங்களுக்குப் போயிருக்க வேண்டிய மணல் என்று ஒரு தடவையாவது யோசிக்கலாம்.

மிச்சம் இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருவொற்றியூரை 'பழைய கிராமம்' என்பதே எனக்கு ஒப்பவில்லை. 1639இல் கம்பெனி மதராசில் இடம் வாங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட விமானம் இன்றும் நிற்கிறது. பாணினியின் சமஸ்கிருத இலக்கணம் கற்பிப்பதற்கென்றே அங்கே மண்டபம் இருந்ததையும் அதற்கு நிலம் விட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. செக்கு ஆட்டிய கலிய நாயனார் இந்த ஊர்க்காரர். பட்டினத்தார் அடங்கிய இடமும் இங்கேதான். ஏழுகிணறில் குடியிருந்த வள்ளலார் அடிக்கடி வந்து வடிவுடையம்மனைப் பாடியதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவை நூலில் மட்டும் இருக்கும் சங்கதிகள் அல்ல. புற்றிடங்கொண்ட ஈசன் மீதுள்ள கவசத்தைக் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டும் களைகிறார்கள். அந்த நாட்களில் வரிசை எவ்வளவு நீளும் என்று உங்களுக்குத் தெரியும். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. பிரியேன் என்று தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார் என்பது கதை. தினமும் அதே எல்லையைத் தாண்டிக் கிண்டிக்குப் போகும் உங்களுக்கு அப்படி நிபந்தனை எதுவும் இல்லாதது நல்லதுதான். மெட்ரோ நிலையத்துக்குக்கூட 'தேரடி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் கலெட். ஐந்து கிராமங்களையும் மீட்டது இவர் காலத்தில்தான். திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியேற்றி இவர் உண்டாக்கியதே கலெட்பேட்டை. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் எழுந்ததும் அந்தக் குடியேற்றத்தோடுதான். பேர் தமிழ் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. திருவொற்றியூர் வேண்டுமானால் சென்னையோடு பிற்பாடு சேர்ந்தது என்று சொல்லட்டும். உங்கள் பேட்டை கம்பெனியின் துணி வியாபாரத்துக்காகச் சென்னை கவர்னரே உண்டாக்கியது, பிறந்தபோதே சென்னை. அலுவலகத்தில் அடுத்த முறை யாராவது கேட்டால் கலெட்டிலிருந்து தொடங்குங்கள். மதிய உணவு இடைவேளை போதாமல் போகும்.