பேச்சு வராத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் உலகை எப்படி அறிந்துகொள்கிறார்கள், அதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (ஐந்து மாதக் குழந்தையின் தாய்): பேசவே தெரியாத குழந்தைக்கு இது தெரியும், அது தெரியாது என்று எழுதுகிறார்கள். எல்லாம் ஊகம்தானே?

ஊகம் அல்ல. ஐந்து மாதக் குழந்தையால் பேச முடியாது, சுட்டிக்காட்டவும் முடியாது. ஆனால் கண், தலை, வாய், கால் ஆகியவை ஓரளவு அதன் வசத்தில் இருக்கின்றன. ஆய்வு முறைகள் பெரும்பாலும் இந்த நான்கையே நம்பியிருக்கின்றன.

1950-களின் இறுதியில் ராபர்ட் ஃபான்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தையைப் படுக்கவைத்து, மேலே இரண்டு படங்களை மாட்டினார். சிறு துளை வழியாகப் பார்த்தால் குழந்தையின் கருவிழியில் எந்தப் படம் தெரிகிறது என்பது புலப்படும். அதைக் கொண்டு நேரத்தைக் குறித்தார். ஒன்றை நெடுநேரம் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிகிறது என்று பொருள். இரண்டையும் சமமாகப் பார்த்தால்? வேறுபாடு தெரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சமமாகப் பிடித்திருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் பழக்கப்படுத்தும் முறை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குச் சலித்துவிடும், பார்க்கும் நேரம் குறையும். பிறகு வேறொன்றைக் காட்டும்போது பார்வை மீண்டும் நீண்டால், மாறியதை அது கவனித்திருக்கிறது.

கேள்வி (உளவியல் முதுகலை மாணவர்): "நடக்க முடியாததைக் கண்டால் குழந்தை ஆச்சரியப்படுகிறது" என்று பாடத்தில் படித்தேன். நீண்ட நேரம் பார்ப்பது ஆச்சரியம்தான் என்று யார் சொன்னது?

சரியான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மறைத்துவைத்த பொருளை ஏறக்குறைய எட்டு மாதம் வரை குழந்தை தேடுவதில்லை என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கண்டார். கண்ணில் படாத பொருள் இன்னும் இருக்கிறது என்ற அறிவு அதற்கு இல்லை என்பது அவர் முடிவு. ஆனால் தேடுவதற்குக் கையும் பழக வேண்டுமே? அறிவு இருந்தும் கை வராமல் இருக்கலாம் அல்லவா? 1985-இல் ரெனே பையார்ஜோன், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் மூவரும் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கேட்டார்கள். மேசைமேல் ஒரு தட்டி. புத்தக அட்டையைத் திறந்து மறுபுறம் சாய்ப்பதுபோல 180 பாகை எழுந்து சாய்ந்து திரும்பும். ஐந்து மாதக் குழந்தைகளுக்கு இது சலிக்கும்வரை காட்டப்பட்டது. பிறகு தட்டியின் பின்னால் ஒரு பெட்டியை வைத்தார்கள். ஒரு காட்சியில் தட்டி எழுந்து பெட்டியை மறைத்து, அதில் முட்டி நின்றுவிடும். இன்னொன்றில் பெட்டியே இல்லாததுபோல முழுவதும் சாய்ந்துவிடும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. முழுச் சாய்வு குழந்தைக்கு ஏற்கெனவே சலித்துப்போன அசைவு. பாதியில் நிற்பதுதான் புதிது. புதுமை மட்டுமே ஈர்ப்பாக இருந்தால் பாதியில் நிற்பதைத்தான் அது நெடுநேரம் பார்க்க வேண்டும். குழந்தைகளோ முழுச் சாய்வையே அதிகம் பார்த்தன. 1987-இல் பையார்ஜோன் நாலரை மாதக் குழந்தைகளிடமும் இதையே கண்டார். பெட்டி இல்லாமல் அதே அசைவுகளைக் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை.

எதிர்ப்பும் எழுந்தது. சலிப்பு முழுமையடையாத குழந்தை பழகியதையே மறுபடி பார்க்க விரும்பும் என்பது தெரிந்த விஷயம். முழுச் சாய்வில் அசைவும் அதிகம். 1999-இல் சூசன் ரிவெராவும் உடன் ஆய்வாளர்களும் முன்பழக்கம் இல்லாமல் சோதித்தபோது, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகள் முழுச் சாய்வையே அதிகம் பார்த்தன.

என் கருத்து இது: "இத்தனை வினாடி பார்த்தது" என்பதே தரவு. "ஆச்சரியப்பட்டது" என்பது நாம் போடும் சொல். ஒரே கருவியை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் போடக் கூடாது. வேறு வழியில் கேட்டாலும் அதே பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1986-இல் ஹூட், வில்லட்ஸ் இருவரும் பொருளைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்தார்கள். ஐந்து மாதக் குழந்தைகள் இருட்டிலும் பொருள் இருந்த பக்கமே கை நீட்டின. இப்படிக் கண்ணும் கையும் ஒன்றையே சொல்வதால்தான் பியாஜே சொன்ன வயது மிகவும் பிந்தியது என்று ஏற்கிறேன்.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர்): குழந்தை தாய் மடியில்தானே உட்கார்ந்திருக்கும்? தாய் தன்னையறியாமல் சாடை காட்டிவிட மாட்டாரா?

காட்டிவிடுவார். மூச்சைப் பிடித்தாலே, முழங்கால் லேசாக இறுகினாலே போதும். அதனால் தாயைக் கண்மூடச் சொல்வார்கள், அல்லது காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு ஒலிக்கவிடுவார்கள். பார்வை நேரத்தைக் குறிப்பவருக்கும் குழந்தை எந்தக் காட்சியைப் பார்க்கிறது என்பது தெரியக் கூடாது. அழுத குழந்தை, தூங்கிவிட்ட குழந்தை ஆகியவற்றைக் கணக்கிலிருந்து எப்போது நீக்குவது என்ற விதியையும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். முடிவைப் பார்த்தபின் நீக்கினால் அது ஆய்வே அல்ல.

கேள்வி (தமிழாசிரியர்): குழந்தை சொற்களைப் பேசும் முன்பே ஒலிகளைப் பிரித்தறியுமா?

அறியும். 1971-இல் பீட்டர் ஐமஸ் குழுவினர் ஒரு மாதக் குழந்தையின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். அழுத்திச் சப்பினால் ஓர் ஒலி கேட்கும். கேட்டுக் கேட்டுச் சலித்ததும் சப்புவது குறையும். ஒலி வேறொரு வகைக்கு மாறியதும் மீண்டும் வேகம் பிடித்தது.

நமக்கு நெருக்கமானது 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் செய்த ஆய்வு. இந்தியில் உள்ள ட, த ஒலி வேறுபாட்டை, ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் கனடா நாட்டுக் குழந்தைகளுக்கு ஒலிபரப்பினார்கள். நாம் பட்டு, பத்து என்று பிரிக்கும் அதே வேறுபாடு. ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து ஒரு பொம்மை ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் மிகச் சில மட்டுமே திரும்பின. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளோ அந்த வயதிலும் பிரித்தறிந்தன. வெவ்வேறு வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டதோடு நிற்காமல், சில குழந்தைகளை மாதக்கணக்கில் தொடர்ந்தும் பார்த்தார்கள். அதனால்தான் இந்த முடிவை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

கேள்வி (பி.எட். மாணவி): ஐந்து வயதுச் சிறுவன் முன் இரண்டு வரிசைகளில் சமமாகக் காசு வைத்தேன். ஒரு வரிசையை அகலப்படுத்தியதும் "இதில்தான் அதிகம்" என்றான். அவனுக்கு எண்ணிக்கை புரியவில்லையா?

அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். பெரியவர் ஒருவர் அவன் கண்ணெதிரே காசை நகர்த்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். முதலில் சொன்னது தவறு போலிருக்கிறது என்று பிள்ளை நினைக்க இடம் உண்டு. 1974-இல் மக்கரிகல், டொனால்ட்சன் இருவரும் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை ஓடிவந்து வரிசையைக் கலைத்ததுபோல் செய்தார்கள். "இரண்டும் சமம்" என்று சொன்ன பிள்ளைகள் கணிசமாகக் கூடினார்கள். நகர்த்தியபின் ஒரே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலோடு "எப்படிச் சொல்கிறாய்?" என்பதற்கு அவன் தரும் காரணத்தையும் அவன் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): நாம் நாக்கை நீட்டினால் பிறந்த குழந்தையும் நாக்கை நீட்டும் என்கிறார்களே, உண்மையா?

1977-இல் மெல்ட்சாஃப், மூர் அப்படித்தான் அறிவித்தார்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வாரங்கள் தொடர்ந்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. சிறு ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபது குழந்தைகளைப் பார்த்து எழுதும் முடிவு எளிதில் ஆடிவிடும். அதனால்தான் 'மெனிபேபீஸ்' என்ற கூட்டுமுயற்சியில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே சோதனையை ஒரே விதிப்படி செய்கின்றன. 2020-இல் வெளியான முதல் ஆய்வில் 67 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்தன. கொஞ்சுமொழியைக் குழந்தைகள் விரும்பிக் கேட்பது அதில் உறுதியானது.

கேள்வி (ஒரு தாத்தா): பேத்தியைப் பற்றி நாட்குறிப்பு எழுதுகிறேன். அதனால் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. டார்வின் தம் மகனைக் குறித்து எழுதியவற்றை 1877-இல் கட்டுரையாக்கினார். கைக்குழந்தைகள் பற்றிய பியாஜேயின் அடிப்படைக் கருத்துகள் தம் மூன்று குழந்தைகளைக் கவனித்ததில் பிறந்தவை. 1984-இல் தொடங்கிய 'சைல்ட்ஸ்' என்ற குழந்தை மொழித் தொகுப்பில் தமிழ்க் குழந்தையின் பேச்சும் இருக்கிறது. தேதியோடு வயதையும் மாதம், நாள் கணக்கில் குறியுங்கள். "அம்மாவைத் தேடினாள்" என்று எழுதாமல், "கதவுப் பக்கம் இருமுறை திரும்பினாள், அடுக்களையில் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்தினாள்" என்று எழுதுங்கள். சொல்லைச் சொன்ன நாளோடு, சொல்லாமல் விட்ட நாளையும் குறித்துவையுங்கள்.